ஒரு சொட்டும் கீழே விழாத கார்

எங்கள் கார் எந்த வருடத்தில் செய்யப்பட்டது என்பதை என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் படுத்திருப்பவர்கள் எந்த மாதம், எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று கூடச் சொல்லிவிடலாம். கருங்கல்லில் ஆழமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காரின் வருடமோ பானட்டுக்குள் ஒரு மெல்லிய தகட்டில் இருந்தது. அதை உப்பு தின்றுவிட்டது. தேதி விஷயத்தில் நான் கறாரானவள். பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சராக இருந்ததால் வந்த பழக்கம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்பே இருந்தது. இந்த விஷயத்தில் மட்டும் வருடத்தை விட்டுவிடுகிறேன். பழவேற்காட்டு ஏரியில் மரப்படகுகள் குறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்துவிட்ட காலம். என் தங்கை ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் போனாள்; அதற்கு அடுத்த மழைக்காலம். புரட்டாசியில் தொடங்கி கார்த்திகையில் முடிந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா பழவேற்காட்டில் ஓர் இறால் வியாபாரியிடம் டிரைவராக இருந்தார். கார் அந்த வியாபாரியுடையது. உருண்டு திரண்ட மட்கார்டுகளும் கறுப்புப் பெயின்டுமாக, ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதர் ஏறிப் போயிருக்கவேண்டிய வண்டி. வியாபாரி பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இறால் கூடைகளையும் ஐஸையும் ஏற்றினார். உருகிய ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து வண்டியின் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் இறங்கியது. பிறகு அவர் வேன் வாங்கியபோது காரை நைனாவிடமே விட்டுவிட்டார். நைனா அதைத் திருப்பாலைவனத்துக்கு ஓட்டிவந்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு நிறுத்தி, பின்சீட்டைத் திரும்பப் பொருத்தினார். சீட்டு வந்ததே தவிர வாடை போகவில்லை. மழை பெய்து வெயிலடித்தால் கொட்டகையே மீன் ஏலக்கூடம் போல நாறும்.

அம்மா நான் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டாள். வீட்டில் நைனா, நான், தங்கை. தங்கை ஏரிக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு நைனா அவரைக் குறிக்கும்போது 'அந்த ஆள்' என்பார். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார். தங்கையைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார்.

பழவேற்காட்டில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் எப்போதாவது படகில் அந்தப் பக்கம் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். புரட்டாசியில் ஒருநாள் போனபோது அவளுக்கு ஐந்தாம் மாதம் என்று தெரிந்தது.

"மொதப் பிரசவம் நம்ம வூட்லதான்க்கா," என்றாள். "ஆனா நைனா வந்து கூட்டினு போணும். நீ வந்து கூப்ட்டா வரமாட்டேன்."

"அவரு வரலன்னா?"

"வரலன்னா இங்கயே கெடக்குறேன்."

அவள் வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் அதற்கு முந்தைய மழையில் அந்தக் குப்பத்தில் ஒரு பெண் வலி எடுத்த பிறகு படகில் ஏறினாள். வாடைக்காற்றில் படகு இந்தக் கரைக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. என் தங்கை அப்போது அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதே படகில் வந்தவள். பயம் அவளுக்கும் இருந்தது. இருந்தும் நைனா வரவேண்டும் என்றாள்.

நைனாவிடம் சொன்னேன். கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"எதுல கூட்டினு வர்றது? வண்டி கெடக்குற கெடப்பப் பாத்தியா? வயித்துப் புள்ளக்காரிய பஸ்ஸுல நிக்க வெச்சா கூட்டினு வருவாங்க?"

மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. வண்டி சரியாகட்டும் என்றார். எனக்கு அது பாதி சம்மதமாகவும் பாதி சாக்காகவும் பட்டது. பொன்னேரியிலிருந்து ஒரு டிங்கர் வேலைக்காரர் வந்து, கூரையும் பின்பக்கத் தகரமும் சேரும் இடத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். தட்டிய இடத்தில் பெயின்ட் அப்பளம் போல உடைந்தது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும், உள்ளே வெற்றிடமான தகரப் பெட்டியை அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. "இதுல கேஸ் வெல்டிங் வெச்சா தகரம் நிக்காதுங்க. நெருப்பக் காட்டுனா ஓடிப்பூடும்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். நைனா அன்று சாப்பிடவில்லை. சாக்கு நிஜமாகிவிட்டதில் அவருக்கு வருத்தம் என்று புரிந்துகொண்டேன்.

இதைத் தங்கையிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் ஒரு சாக்குப்பையும் கையில் ரெசின் பசை டப்பாவுமாக அவள் கணவர் எங்கள் வாசலில் நின்றார்.

"நெருப்பே வேணாம்க்கா. படகுக்கு ஒட்டுற மாதிரி ஒட்டிரலாம். நைனாவ கேட்டுச் சொல்லுங்க."

நைனா உள்ளே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. இருந்தாலும் நான் போய்ச் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு, "கொட்டாயி தொறந்துதான் கீதுனு சொல்லு," என்றார்.

அந்த ஐப்பசி முழுக்க, ஞாயிறுதோறும், சில சமயம் நடுவில் ஒரு நாளும் தங்கை கணவர் வந்தார். வந்ததும் முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார். கண்ணாடி இழைப் பாயை வெட்டும்போது தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்குமாம். கூரை ஜாயின்ட்டில் கம்பெனியிலேயே ஈயம் உருக்கி ஊற்றி இழைத்திருந்தார்கள். ஈயத்துக்கு அடியில் துரு பரவி அதை மேலே தூக்கியிருந்தது. அவர் அதைச் சுரண்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தகரம் வெளுக்கும்வரை தேய்த்து, பாயைப் பட்டையாக வெட்டி வைத்து, அதன்மேல் ரெசினைக் குத்திக் குத்தி இறக்கினார். காற்று ஈரமாக இருந்த நாட்களில் ரெசின் இறுக மறுத்தது. விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அப்போது அவர் கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து, படகு உரிமையாளர்கள் ஒருநாளும் அனுமதிக்காத பொறுமையோடு காத்திருந்தார்.

நைனா தினமும் ஏதாவது ஒரு வேலையாகக் கொட்டகைப் பக்கம் வருவார். பேச்செல்லாம் என் வழியாகத்தான் போகும்.

ஒருநாள் முன் மட்கார்டு உடம்போடு சேரும் கோட்டையும் தங்கை கணவர் பட்டி வைத்து மூடத் தொடங்கினார். நைனா பதறிப்போனார்.

"பெரியவளே, அந்த ஆளுகிட்ட சொல்லு. அந்தக் கோடு கோடாவே இருக்கணும். மட்கார்டு போல்ட்டுல நிக்கிது. நாளைக்கு எங்கியாவது இடிச்சா கழட்ட வேணாமா?"

அவர் நைனாவுக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். "கேட்டுச்சுனு சொல்லுங்கக்கா," என்றார் என்னிடம். "ஆனா கோடு விட்டா தண்ணி பூருமே?"

"பூந்தா பூருது. இது இன்னா, ஏரிலயா போவப்போவுது?"

"அப்ப இடிச்சாதான கழட்டணும். நைனா அப்பிடித்தான் ஓட்டுவாருன்னா கோட்ட விட்டுர்றேன்னு சொல்லுங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் விட்டேன். சொல்லத் தேவையும் இல்லை. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாள், மட்கார்டு கோட்டில் வைக்கும் பழைய ரப்பர் பட்டை ஒன்றைத் தேடியெடுத்துக் கழுவி, கொட்டகை ஆணியில் மாட்டியிருந்தார்.

மேல் ஜாயின்ட்டுகளைத் தேய்க்கும் வேலைதான் அதிக நாள் எடுத்தது. தங்கை கணவர் பட்டி வைப்பார், காயவிடுவார், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பார், மறுபடி பட்டி வைப்பார். சரியாயிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே இல்லை. ஒரு மெல்லிய துணியை ஜாயின்ட்மேல் விரித்து, துணிக்கு மேலே உள்ளங்கையை ஓட்டுவார். வெறும் கைக்குத் தெரியாத மேடுபள்ளம் துணியோடு தெரியும் என்றார். அந்தத் துணி என் தங்கையின் பழைய சேலைக் கிழிசல். நைனா ஒரு தீபாவளிக்குப் பொன்னேரியில் எடுத்துக் கொடுத்த நீலச் சேலை. நைனா அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் அவர் போன பிறகு, நைனா தனியாக வந்து அந்தத் துணியை எடுத்து, அதேபோல் கூரையின்மேல் விரித்து, கையை மெதுவாக ஓட்டினார். ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம். பிறகு துணியை இருந்த மாதிரியே மடித்து வைத்தார்.

கதவுகளின் அடிப்பகுதியையும் அதற்குக் கீழே ஓடும் பெட்டியையும் தங்கை கணவர் கடைசியாகச் செய்தார். அந்த வேலைக்குத் தரையில் மல்லாந்து படுக்கவேண்டும். நைனாவும் பார்க்கவேண்டுமென்றால் பக்கத்தில் குனிந்து, ஏறக்குறைய அவர் தலைக்குப் பக்கத்தில் தலை வைக்கவேண்டியிருக்கும். நைனா அந்த இரண்டு நாளும் கொட்டகைப் பக்கம் வரவில்லை. அன்று நைனா குனிந்து பார்த்திருந்தால் என்று, பிறகு பல வருடம் என் நினைவு திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

ஃபைபர் படகைச் சரிசெய்து கொடுக்கும்முன் அவர்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கரையில் கட்டைமேல் ஏற்றிய படகுக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு அடியில் மணலைப் பார்ப்பார்கள். மணல் நனையவில்லையென்றால் ஒட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். அவர் காருக்கும் அதையே செய்தார். எங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி, கூரைமேலும் கண்ணாடிகள்மேலும் ஊற்றினார். நைனா, நான், பக்கத்து வீட்டார் இரண்டு பேர் என்று எல்லோரும் நின்று பார்த்தோம். கார் மினுமினுவென்று நனைந்து நின்றது. சுற்றிலும் வழிந்த தண்ணீர் ஓடி வடிந்த பிறகு, அவர் என்னைக் கூப்பிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"ஒரு சொட்டு கீழ வருதா பாருங்கக்கா."

வரவில்லை. அடியில் மண் பொடிபொடியாகக் காய்ந்து கிடந்தது. அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, மழை நின்று அரை நாள் ஆன பிறகும் கொட்டகையில் சொட்டிக்கொண்டே இருந்த கார். நைனாவே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் தளர்ந்திருந்தது. தங்கை போன பிறகு அப்படி நான் பார்த்ததில்லை. என்னிடம், "காலண்டர எடு. கார்த்திகைல நல்ல நாள் பாரு," என்றார். கார்த்திகையில் அவளுக்கு ஏழாம் மாதம்.

கறுப்புப் பெயின்டும் அடித்து முடித்தாயிற்று. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் கொட்டகையின் கீற்று பாதி பறந்துவிட்டது. கார் நாள்கணக்கில் திறந்த மழையில் நின்றது. நைனா காலையில் எழுந்ததும் அடியில் குனிந்து பார்ப்பார். சொட்டவில்லை. திருப்தியாக உள்ளே வருவார்.

குறித்த நாளில் தூறல் மட்டும்தான் இருந்தது. நைனா ஓட்ட, நான் முன்சீட்டில் உட்கார்ந்து, பழவேற்காட்டுப் படகுத்துறைக்குப் போனோம். ஏரியைத் தாண்டி குப்பத்துக்குப் போக நைனா சம்மதிக்கவில்லை. அவளும், அவர் துறைவரை வந்தால் போதும் என்று மனமிறங்கியிருந்தாள். படகிலிருந்து அவள் இறங்கியபோது இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். குப்பத்துப் பெண்கள் அடுக்கி அனுப்பியிருந்தார்கள். நைனா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எளச்சிப்பூட்ட," என்றார்.

"நீயுந்தான் நைனா," என்றாள்.

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அவள் கணவர் பையை டிக்கியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நைனா கதவைத் திறந்துகொண்டே என்னிடம், "அந்த ஆளையும் ஏறச் சொல்லு. பைய யாரு எறக்குறது?" என்றார். தங்கை கணவர் அவளுக்குப் பக்கத்தில் பின்சீட்டில் ஏறினார்.

ஊரைத் தாண்டும்வரை ரோட்டுப் பள்ளங்களின் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதல் வேகத்தடையில் நைனா பிரேக் போட்டபோது, எங்கள் காலுக்குக் கீழே ஏதோ பின்னாலிருந்து முன்னால் ஓடியது. தவலையில் தண்ணீர் தளும்புகிற சத்தம். வண்டி கிளம்பியதும் அது முன்னாலிருந்து பின்னால் போனது. நைனா காதைச் சாய்த்தார். வேண்டுமென்றே இன்னொரு முறை பிரேக்கை மிதித்தார். திரும்பவும் ஓடியது. கதவுகளுக்குள்ளும் சலசலத்தது.

"இன்னா நைனா, ஏரியும் கூடவே வருதா?" என்றாள் தங்கை பின்னாலிருந்து. அவளுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

நைனா வண்டியை வயலோரமாக நிறுத்தினார். இறங்கி, சேற்றில் முழங்கால் போட்டு, கதவின் அடி ஓரத்தில் விரலை ஓட்டினார். பெட்டியின் அடியில் ஓட்டினார். எங்கும் வழவழவென்று இருந்தது. எழுந்து, பின்கதவைத் திறந்து, அந்த வருடத்தில் முதல்முறையாகத் தங்கை கணவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இங்க ஓட்ட இருந்துச்சே. வரிசையா இருந்துச்சே. இன்னா பண்ண?"

"அடச்சிட்டேன் மாமா."

"எதுக்கு அடச்ச?"

அவர் கேள்வியே புரியாதவரைப் போல விழித்தார். "ஓட்ட இருந்தா அடைக்காம இன்னா மாமா பண்ணுவாங்க?"

"யோவ், கண்ணாடி வழியா எறங்குற தண்ணி அது வழியாதான்யா வெளிய போவும். காருக்குன்னு வெச்ச ஓட்ட அது. ஐஸ் தண்ணி நிக்கக் கூடாதுன்னு தெனிக்கும் சைக்கிள் கம்பி வுட்டுக் குத்துவேன்யா நானு. இத்தினி நாளா உப்பு ஊறுன தகரத்துல தண்ணியக் கட்டி வெச்சிகிற. உள்ள இன்னாத்துக்கு ஆவும்? படகுக்காரன் கைல வண்டியக் குடுத்தேன் பாரு, என் புத்திய..."

தங்கைதான் பேசினாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வளையல்கள் சரிய, காரிலிருந்து இறங்கி ரோட்டில் நின்றாள்.

"எறங்குயா. டிக்கிலர்ந்து பைய எடு. அடுத்த பஸ்ல திரும்பிப் போலாம்."

"நீ ஏறு, தூறுது பாரு," என்றார் அவள் கணவர்.

"நீ எடு. ஒரு மாசமா முதுகு வெந்து வேல செஞ்சிகிற. ஒரு வாயி தண்ணி குடிச்சியானு யாராவது கேட்டாங்களா? காருக்கு வந்தவர காரோடயே நிக்க வெச்சாங்க. நா மட்டும் வூட்டுக்குள்ள போயி இன்னாத்துக்கு?"

நான் இறங்கி அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தேன். கிழக்கே ஏரிப் பக்கம் வானம் இருட்டியிருந்தது. அவள் திரும்பிப் போனால் மழைக்காலம் முடியும்வரை அந்தக் கரையில்தான். போன வருடத்துப் படகு என் கண்ணுக்குள் வந்தது. நைனாவுக்கும் வந்திருக்கவேண்டும். அவர் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரையும் ஸ்பேனரையும் எடுத்தார். தானே குனியப் போனவர், நின்று, அவற்றை மருமகனிடம் நீட்டினார்.

"நானும் சொல்லல," என்றார். "சொல்லியிருக்கணும். அதெல்லாம் தெரியும்னு நெனச்சிகினேன்."

மருமகன் வாங்கிக்கொண்டு சேற்றில் மல்லாந்து படுத்தார். ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்தவர், அடிக்காமல் அப்படியே கிடந்தார்.

"இன்னா?" என்றார் நைனா.

"ஒண்ணுமில்ல மாமா. இதுவரைக்கும் அடச்சிதான் பழக்கம். குத்துனது இல்ல."

"குத்து. நா காட்டுறேன்." நைனா அவர் பக்கத்தில் குனிந்து, தலையைத் தாழ்த்தி, விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

இரண்டாவது அடியில் உடைந்தது. டீத்தண்ணீர் நிறத்தில் துருத்தண்ணீர் அவர் கழுத்திலும் சட்டையிலும் பாய்ந்தது. அதே இறால் வாடை. நைனா அதில் விரலை நனைத்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். சிவப்பாகச் செதில் செதிலாக வந்தது. எனக்கும் புரிந்தது. வெளியே கை ஓட்டினால் தெரியாதபடி வழவழப்பாக இருந்த தகரம், உள்ளே கரைந்துகொண்டிருந்தது. அடுத்த இடத்தைக் காட்டினார். அதற்கடுத்ததை. கதவுகளுக்கு வந்தபோது மருமகனே இடம் கண்டுபிடித்தார்.

"படகுலயும் பின்னால ஒரு ஓட்ட இருக்கும் மாமா," என்றார் படுத்தபடியே. "கரைல ஏத்துனா தக்கையப் புடுங்கி வுட்டுருவோம். எறக்கும்போது அடப்போம். இதுக்கும் தக்க வெச்சிரவா?"

"இதுக்கு அடைக்கிற நேரம்னு ஒண்ணு கெடையாது. எப்பவும் தொறந்தே இருக்கணும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவர் அதை நம்பாமலேயே ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். தங்கை ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, சேற்றில் கிடந்த இரண்டு பேரின் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எடு என்று மறுபடி சொல்லவில்லை. யாரும் ஏறு என்றும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் அவளாக எழுந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தங்கையை உள்ளே படுக்கவைத்துவிட்டு, கிளம்பும்முன் வைத்திருந்த குழம்பைச் சூடாக்கினேன். காரைப் பாதி கீற்று போன கொட்டகையிலேயே நிறுத்தியிருந்தார்கள். மருமகன் அதற்குப் பக்கத்தில், துருத்தண்ணீர் காய்ந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். நைனா கைகால் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தட்டு எத்தினி போட்டுகிற?"

"மூணு."

"இன்னொண்ணு போடு. கையக் கழுவினு உள்ள வரச் சொல்லு."

நேராகவே சொல்லியிருக்கலாம். கொட்டகை நாலு எட்டில் இருந்தது. நான் போய்ச் சொன்னேன்.

"தண்ணி முழுசா எறங்கட்டும், வந்துர்றேன்னு சொல்லுங்கக்கா," என்றார் அவர். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகை மண்ணில் சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன. வந்து சொன்னேன். நைனா தலையாட்டிவிட்டுத் தட்டின்முன் உட்கார்ந்தார். நான் சோறு போடப் போனபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். உள்ளறையில் தங்கை விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. கொட்டகையில் சொட்டுகிற சத்தம் நிற்கும்வரை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.